மூன்று சுற்றுக் கயிறு

அக்கா,

போன வாரம் பாலக்காட்டுக் கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு என்னை ஒரு ஜன்னலோரம் உட்கார வைத்திருந்தார்கள். ஜன்னலுக்குக் கித்தான் திரை. பக்கத்தில் தொங்கும் கயிற்றை இழுத்தால் திரை ஒரு உருளையில் சுருண்டு மேலே போகும். வெளிச்சம் வேண்டும் என்று நர்ஸ் பெண் வந்து இழுத்தாள். திரை சரசரவென்று ஏறி, ஒரு சாண் துணி மிச்சமிருக்கும்போது நின்றுவிட்டது. மறுபடி இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.

“கயிறு பத்த மாட்டீங்குதுங்கம்மா. யாரோ வெட்டிப் போட்டாங்களாட்ட இருக்குதுங்க” என்றாள்.

 வெட்டினது நான்தானம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். என் கண் கலங்கியிருந்ததால், மருந்து எரிகிறதாக்கும் என்று நினைத்து அவள் பஞ்சால் ஒற்றிவிட்டுப் போனாள்.

நீங்கள் போய்விட்ட செய்தி தூத்துக்குடியிலிருந்து உங்கள் தங்கை மகள் எழுதிய கடிதத்தில் வந்தது. அடக்கம் முடிந்து மூன்று வாரம் கழித்து. “பெரியம்மா கடைசிவரை தெளிவாக இருந்தார்கள்” என்று எழுதியிருந்தாள். கஞ்சிக்கோட்டில் என் மகன் வீட்டில் அந்தக் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். என்னைப் பற்றி ஏதும் சொன்னீர்களா என்று தேடினேன். இல்லை. ஏன் இருக்க வேண்டும்? ஆனாலும் தேடினேன். அதனால்தான் நேரே உங்களுக்கே எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அது பெட்ரோல் விலை ஏறிய வருஷம். சின்னக்கானலில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே அணைத் தண்ணீர் கிடந்தது. அக்கரையிலும் எஸ்டேட்டின் இரண்டு லயங்கள் உண்டு. மலையைச் சுற்றி நடந்தால் ஒரு பகல் போய்விடும், தண்ணீரில் போனால் அரைமணி நேரம். எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸான நீங்கள் புதன்கிழமைதோறும் அங்கே போய்ப் பிள்ளைகளுக்கு ஊசி போட்டு, கர்ப்பிணிகளைப் பார்த்து வருவீர்கள். பெட்ரோலை மிச்சம் பிடிக்க மோட்டார் போட்டைக் கரையேற்றி மூடிவிட்டார்கள். நீங்கள் துரையிடம் போய் நின்றீர்கள். துரை என்றால் மானேஜர். வெள்ளைக்காரர்கள் போய் நம் ஆட்கள் வந்த பிறகும் அந்தப் பேர் போகவில்லை.

“போட்டு இல்லன்னு சொன்னா அக்கரைக்காரி பிள்ளை பெறாம இருப்பாளாய்யா?” என்று கேட்டீர்களாம்.

பழைய வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன பாய்ப்படகு ஒன்று கொட்டகையில் தூசி படிந்து கிடந்தது. உங்கள் அப்பா தூத்துக்குடியில் தோணித் தலைவர், தண்டல் என்பார்கள். “எனக்குப் பாய் தெரியும், கயிறு பிடிக்க ஒரு ஆள் மட்டும் குடுங்க” என்று கேட்டீர்கள். பொம்பளை ஓட்டுகிற படகில் ஏற எந்த ஆம்பளையும் வரவில்லை. தேயிலை பாக்டரியில் பிட்டராக இருந்த என் வீட்டுக்காரர்தான் படகுக்கு எண்ணெய் போட்டு, ஆணி முடுக்கிச் சரிபண்ணினார். அவர் சொன்னாராம்: “எங்க வீட்ல ஒருத்தி இருக்கா. பலசரக்குப் பொட்டணத்து நூலக்கூட வீணாக்காம சுத்தி வைப்பா. கயிறு பிடிக்க அவளை விட்டா ஆளில்ல.”

அந்த முதல் புதன்கிழமை நான் கரையில் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

“நீச்சல் தெரியுமாட்டி?”

“தெரியாதுக்கா.”

“ஜெபம்?”

“அது தெரியும்.”

“அப்ப ஏறு.”

ஏறிய கையோடு நீங்கள் சிலுவை போட்டுக்கொண்டீர்கள். நான் கண்ணை மூடி முணுமுணுத்தேன். “என்னட்டி இது, உங்க வேதக்காரங்க ஜெபத்துக்கு இவ்வளவு நேரமா? நாங்க நாலு தொடு தொட்டா முடிஞ்சிட்டு” என்று சிரித்தீர்கள். நீங்கள் ரோமன் கத்தோலிக்கம், நாங்கள் சபை மாறினவர்கள். அந்தப் படகில் அந்த வழக்கு ஒரு வருஷம் ஓடியது. “மாதாவை விட்டுட்டுப் போன ஆளுக” என்பீர்கள். “மாதா பெத்த பிள்ளையை விடலியேக்கா” என்பேன். நீங்கள் துடுப்பால் தண்ணீரை என்மேல் தெளிப்பீர்கள்.

அந்தப் படகின் முன்பாய் நம் இருவருக்குமே புதிது. உங்கள் அப்பா தோணியில் பாயைச் சுருக்க ஆறு ஆள் மரத்தில் ஏறுவார்கள் என்றீர்கள். இதில் படகின் மூக்கிலிருந்து பாய்மரத்து உச்சிக்கு ஒரு கம்பி. முன்பாய் அந்தக் கம்பியையே சுற்றிச் சுருண்டு நிற்கும். கம்பியின் அடியில் ஓர் இரும்பு உருளை, அதில் ஒரு கயிறு சுற்றியிருக்கும். பாயை விரித்தால் கயிறு உருளையில் போய்ச் சுற்றிக்கொள்ளும். பின்னால் உட்கார்ந்தபடியே கயிற்றை இழுத்தால் உருளை திரும்பி, பாய் மறுபடி கம்பியில் சுருளும். யாரும் முன்னால் போக வேண்டியதில்லை. “வெள்ளைக்காரன் சோம்பேறி, ஆனா புத்திசாலி” என்றீர்கள்.

எனக்கு அது பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. பாய் சுருட்டுவது எனக்குத் தெரியாத வேலையா? காலையில் எழுந்ததும் ஐந்து பாய் சுருட்டுகிறவள் நான். கடலுக்கும் அடுக்களைக்கும் ஒரே சொல்லைத் தமிழில் வைத்திருக்கிறார்களே என்று நான் சொன்னபோது, “மலையாளத்துலயும் பாய்தான், எல்லா ஊர்லயும் பொம்பளைதான் சுருட்டுதா” என்றீர்கள்.

ஆனால் முதல் நாள் என்னால் முடியவில்லை. இழுத்தேன், உருளை அசையவில்லை. “தாமானை விடாம இழுத்தா எப்படிட்டி வரும்?” என்றீர்கள். தாமான் என்பது பாயின் வால்முனையைப் பிடித்திருக்கும் கயிறு. அடுத்த தடவை அதை அடியோடு விட்டேன். பாய் படபடவென்று அடித்துக்கொண்டு, நனைந்த சேலையைச் சுருட்டிப் போட்டதுபோலத் தொளதொளவென்று சுற்றியது. மூன்றாவது தடவைதான் பிடிபட்டது. ஒரு கையால் தாமானைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும், விட்டபடியே பிடித்திருக்கவும் வேண்டும், மறு கையால் உருளைக் கயிற்றை இழுக்க வேண்டும். “விட்டுக்கிட்டே பிடி” என்று நீங்கள் சொன்னது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

காற்று கூடினால் பாயை முழுக்கச் சுருட்டவும் கூடாது, சுருட்டினால் படகு சொன்னபடி கேட்காது. பாதி சுருக்கி ஓட வேண்டும். எவ்வளவு என்பதற்கு என் தையல் டப்பாவிலிருந்து சிவப்பு நூலெடுத்து, பாயின் அடி ஓரத்தில் இரண்டு இடத்தில் நான் அடையாளம் தைத்தேன். அதற்குச் சட்டம் போட்டது நீங்கள். “தலைமயிர் பறந்தா ஒரு சிவப்பு. முக்காடு நிக்கலன்னா ரெண்டு சிவப்பு.” அக்கரைப் பெண்கள் நம் படகைப் பார்த்தே காற்றைச் சொல்வார்கள். “இன்னைக்கு நர்ஸம்மா ரெண்டு சிவப்புல வாராவ, துணி காயப்போடாதீங்க” என்று கத்துவார்கள்.

எந்த வேலையிலும் மிச்சம் வைக்காமல் அளந்து செய்கிற பழக்கம் எனக்கு. பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு நின்றதால் கணக்கை நானாகப் படித்தேன். அரிசி அளவு, விளக்கெண்ணெய் அளவு, ஜெபக்கூட்டத்துக்கு வந்தவர்கள் எண்ணிக்கை, எல்லாம் நோட்டில் இருக்கும். அளவுக்கு மேல் ஒரு பொருள் கிடந்தால் அது எனக்குக் கண்ணை உறுத்தும். அந்தக் காலத்தில் அதை நான் பக்தி என்று நினைத்திருந்தேன்.

மார்கழியில் உருளைக் கயிறு பிய்ந்துபோனது. எஸ்டேட் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்த குட்டன் புதிய நைலான் கயிறு கொடுத்தார். கொடுக்கும்போதே, “சேச்சி, கயறு கொறச்சு கூடுதலுண்டு. வெட்டண்டா, அங்ஙனே கிடக்கட்டே” என்றார். வெட்ட வேண்டாம், கூடுதலாகவே கிடக்கட்டும் என்று அவர் வாயால் சொன்னது. அன்றைக்கு உங்களுக்குக் காய்ச்சல்காரர்கள் கூட்டம், வர முடியவில்லை. “நீயே மாட்டிருட்டி, கொஞ்சம் தாராளமா விடு” என்று சொல்லியனுப்பினீர்கள்.

இலைகூட அசையாத நாள். கரையில் கட்டியிருந்த படகில் உட்கார்ந்து கயிற்றை மாட்டினேன். பாயை முழுக்க விரித்தேன், முழுக்கச் சுருட்டினேன். பதினோரு சுற்று. மறுபடி எண்ணினேன். பதினோரு சுற்றேதான். தாராளத்துக்கு ஒரு சுற்று வைத்தேன். அதற்கு மேலும் ஐந்து முழம் சும்மா கிடந்தது. எங்கள் ஜெபவீட்டில் மணிக்கயிறு நார்நாராகத் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வாரமாகப் பிள்ளைகள் நாற்காலி போட்டு ஏறித்தான் மணியடித்தார்கள். அரிவாள்மணையை எடுத்துவந்து ஐந்து முழத்தையும் வெட்டினேன். நோட்டில் எழுதினேன்: சுற்று பதினொன்று, உபரி ஒன்று, வெட்டியது ஐந்து முழம், ஆலய மணிக்கு. ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் மணியடித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. உங்களிடம் நான் சொல்லவில்லை. மறைக்க நினைத்துச் சொல்லாமல் இருக்கவில்லை, சொல்ல வேண்டிய விஷயமாகவே அது எனக்குத் தோன்றவில்லை.

தை மாதம் அந்தப் புதன்கிழமை அக்கரையில் பேச்சியம்மாவைப் பார்த்தீர்கள். கொழுந்து பறிக்கிற பெண், எட்டு மாசம், கால் இரண்டும் பானைபோல வீங்கியிருந்தது. “நீ இங்கன இருக்கப்படாது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல உங்க அக்கா லயத்துல வந்து இரு” என்று அவளைப் படகில் ஏற்றினீர்கள். பாதித் தண்ணீரில் வரும்போது போடிமெட்டுப் பக்கமிருந்து கிழக்குக் காற்று இறங்கியது. என் முக்காட்டுத் துணி பறந்து தண்ணீரில் விழுந்தது. எடுக்க நேரமில்லை. ரெண்டு சிவப்பு வரைக்கும் சுருக்கினேன். அது ஒழுங்காக வந்தது. பாய்மரத்துப் பெரிய பாயை நீங்கள் இறக்கிக் கட்டினீர்கள். கரை தெரிந்தது. கரைக்கு இடப்பக்கம் தண்ணீரில் முங்கிய பட்டமரங்கள் நீட்டிக்கொண்டிருந்தன, அங்கே தள்ளிக்கொண்டு போனால் படகு கிழியும்.

“இனி துடுப்பு போட்டே போயிரலாம். முன்பாயை முழுசாச் சுருட்டிரு” என்றீர்கள்.

இழுத்தேன். விட்டுக்கிட்டே பிடித்து, நீங்கள் சொன்னபடியே இழுத்தேன். காற்று பாயை இறுக்கிப் பிடித்திருந்ததால் சுருள் கம்பியோடு கம்பியாக இறுகிச் சுற்றியது. திடீரென்று கயிறு நின்றது. இன்னும் ஒரு துண்டு அகலம் பாய் வெளியே அடித்துக்கொண்டிருந்தது. உருளையைப் பார்த்தேன். அதில் கயிறே இல்லை, வெறும் இரும்பு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாயை இறுக்கிச் சுருட்டினால் சுற்று கூடும். தளர்த்திச் சுருட்டினால் குறையும். தினம் காலையில் என் கையே பார்க்கிற விஷயம். அமைதியான நாளில் தளர்வாகச் சுருட்டி எண்ணிய பதினொன்றை, காற்று நாளுக்கும் கணக்காக வைத்துவிட்டேன்.

“என்னட்டி?”

“கயிறு பத்தலக்கா.”

 அந்தத் துண்டுப் பாயே படகின் மூக்கைப் பட்டமரங்கள் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தது. பேச்சியம்மா இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “யம்மா, யம்மா” என்றாள். நீங்கள் தவழ்ந்து முன்னால் போனீர்கள், உருளையைக் கையாலேயே திருப்பினீர்கள். ஒரு சுற்று வந்தது. இரண்டாவதும் வந்தது. “பிடிச்சுக்கோ, விட்டுராத” என்றீர்கள். நான் பிடித்துத்தான் இருந்தேன் அக்கா. அதை மட்டும் நம்புங்கள். காற்று ஒரு வீச்சு வீசியது. துண்டுப் பாய் டம்மென்று உப்பியது, கயிறு என் உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடியது, உருளை பின்பக்கமாகச் சுழன்றது. உங்கள் வலதுகை விரல்கள் கயிற்றுக்கும் இரும்பு விளிம்புக்கும் நடுவே போயின.

நீங்கள் கத்தவில்லை. “மாதாவே” என்று ஒரே ஒரு தடவை, மெதுவாக. பிறகு இடதுகையால் துடுப்பை எடுத்து, பட்டமரத்தில் ஊன்றிப் படகைத் தள்ளினீர்கள். எங்களைக் கரைசேர்த்தது அந்த ஒற்றைக் கை.

சுட்டுவிரலும் நடுவிரலும் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எத்தனையோ தலைகளை இருட்டுக்குள்ளிருந்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த கை அது. கயிறு ஏன் குறைந்தது என்று துரை கேட்டபோது, “ஸ்டோர்ல குடுத்தது அவ்வளவுதானுங்க” என்று என் வாய் சொல்லிவிட்டது. நான் யோசித்துச் சொன்ன பொய் இல்லை. ஆனாலும் பொய்தான். சாயங்காலமே குட்டனுக்கு மெமோ போனது.

மறுநாள் அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். அளந்து தந்ததையும் வெட்ட வேண்டாம் என்று சொன்னதையும் கோபமில்லாமல் நினைவுபடுத்தினார்: “எஸ்தர் சேச்சி, ஞான் அளந்நல்லே தந்நது? வெட்டண்டா எந்நு பறஞ்ஞதல்லே?” என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் போனபின் என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பற்றவைக்க எடுத்த பீடியைச் சட்டைப்பையில் போட்டார். “சொல்லாம விட்டா யாருக்குந் தெரியாது. ஆனா நீதான் நோட்டுல எழுதித் தொலைச்சிட்டியே” என்றார். அவர் கேலி செய்கிற நேரம் அது இல்லை என்று அவருக்கும் தெரியும். “போ, போய்ச் சொல்லு” என்றார்.

துரையிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டக்கூட இல்லை. மெமோவைக் கிழித்துவிட்டு, “படகு இனி வேண்டாம்” என்றார். அப்படியே நோட்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உங்கள் கை, கட்டோடு தலையணைமேல் இருந்தது. நோட்டைப் பிரித்து உங்கள் முன்னால் வைத்தேன். நீங்கள் அந்த வரியை இரண்டு தடவை படித்தீர்கள்.

“எத்தனை சுத்து குறைஞ்சுது?”

“மூணுக்கா.”

“மூணு.” நோட்டை மூடினீர்கள். “நான் தாராளமா விடுன்னு சொல்லியனுப்பினேன்லா?”

“சொன்னீங்கக்கா.”

“அப்ப என் விரலைக் கட்டித்தான் உங்க கோயில்ல மணி அடிக்கியளோ?”

நான் அழுதேன். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். “மன்னிச்சிட்டேன்னு என் வாயால சொல்லச் சொல்லி நிக்காத. நான் சொல்லிருவேன், என் கை சொல்லாது. போ.”

வெளியே வந்து நேரே ஜெபவீட்டுக்குப் போய் மணிக்கயிற்றை அவிழ்த்தேன். உபதேசியார் ஓடிவந்தார். “கயிறு என்னம்மா பாவம் செஞ்சுது?” என்றார். விஷயத்தைச் சொன்னதும் என்னை முழங்காலில் நிற்கவைத்து ஜெபித்தார், “கர்த்தர் மன்னித்துவிட்டார், சமாதானத்தோடே போ” என்றார். கர்த்தர் மன்னித்தார் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. ஆனால் விரல் கர்த்தருடையது அல்லவே அக்கா.

பிறகு ஐந்து வாரம் நீங்கள் என்னோடு பேசவில்லை. எதிரே வந்தால் தலையை ஆட்டிவிட்டுப் போவீர்கள், பால்காரனுக்கு ஆட்டுவதுபோல. வலதுகையை எப்போதும் முந்தானைக்குள் வைத்திருப்பீர்கள். ஆஸ்பத்திரியில் உங்களுக்கு மருந்துச்சீட்டு எழுதுகிற வேலை கொடுத்தார்கள், அதையும் இடதுகையால் எழுதப் பழகிக்கொண்டிருந்தீர்கள். புதன்கிழமைகளில் அக்கரைப் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மலையைச் சுற்றி நடந்து வந்தார்கள். அவர்கள் வெயிலில் வந்து உட்காரும்போது நான் மோர் கொண்டுபோய்க் கொடுப்பேன். உங்கள் ஜன்னல் திறந்திருக்கும். நீங்கள் பார்க்கமாட்டீர்கள்.

ஒருநாள் பத்து மணி இருக்கும், மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. நீங்கள்.

“கை கழுவிட்டு வா. பேச்சிக்கு வலி வந்துட்டு. டாக்டர் அடுத்த எஸ்டேட்டுக்குப் போயிட்டாவ, ஆயாவும் ஊர்ல இல்ல.”

“எனக்கு என்னக்கா தெரியும்?”

“ஒண்ணும் தெரியாது. அதான் நான் வாரேன்லா. நகம் வெட்டியிருக்கியா, காட்டு.”

ஆஸ்பத்திரிக் கட்டிலில் பேச்சியம்மா என்னைப் பார்த்ததும் வலிக்கு நடுவிலும் எழுந்து உட்காரப் பார்த்தாள். “நர்ஸம்மா, இந்தம்மாவா? கணக்குப் பாத்து கயித்த வெட்டினவுகளா?”

“ஆமா, அவளேதான். இன்னைக்கு நான் சொல்லுத இடத்துல வெட்டுவா. நீ பேசாம முக்கு” என்றீர்கள்.

 நீங்கள் என் பின்னால், தோளுக்கு மேலே முகத்தை வைத்து நின்றீர்கள். உங்கள் மூச்சு என் காதில் பட்டது. இங்கே கையை வை, அங்கே அழுத்தாதே, இப்போ பொறு. நீங்கள் சொல்லச் சொல்ல என் கை செய்தது. தலை தெரிந்தபோது நான் பதறி முன்னால் போனேன்.

“இழுக்காத! அதுவா வரும். விட்டுக்கிட்டே பிடி.”

எனக்கு அந்தச் சொல் போதுமாயிருந்தது. என் கை தானாகவே தெரிந்துகொண்டது. ஒரு கை தாங்கி, ஒரு கை விட்டு, வழுவழுவென்று சூடாக முழுப் பிள்ளையும் என் உள்ளங்கையில் வந்து இறங்கியது. கயிறு உரித்த காயம் அப்போதும் ஆறியிருக்கவில்லை, அதில் உப்புப்போலக் கரித்தது. பிள்ளை அழுதது. பெண்பிள்ளை.

கொதிக்க வைத்த நூலால் இரண்டு இடத்தில் தொப்புள்கொடியைக் கட்டச் சொன்னீர்கள். கத்தரியை எடுத்துத் தந்தீர்கள், இடதுகையால். எங்கே வைக்க என்று தெரியாமல் நான் கத்தரியைக் கட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

“கொஞ்சம் கூடுதலா விட்டு வெட்டு” என்றீர்கள்.

நான் திரும்பி உங்களைப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை, பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் குரலில் குத்தல் எதுவும் இல்லை, கொடியை எல்லாருக்கும் அப்படித்தான் வெட்டச் சொல்வீர்கள் என்று பிறகு தெரிந்தது. கூடுதலாக விட்டு வெட்டினேன்.

வெளியே குழாயடியில் கை கழுவும்போது நீங்களும் வந்து நின்றீர்கள். “இதனால எல்லாம் நேராயிட்டுன்னு நினைச்சிராத.”

“நினைக்கலக்கா.”

“அடுத்த வெள்ளிக்கிழமை செல்லக்கிளிக்குப் பிரசவ நாள். நகம் வெட்டி வை.”

அதற்குப் பிறகு மூன்று வருஷம். நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் வந்தேன். நம் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் ஒரு நர்ஸ் என்று லயத்தில் சொல்வார்கள். ஒவ்வொரு பிள்ளையும் வந்ததும் நோட்டில் எழுதினேன், பேர், நாள், எடை. நீங்கள் அதை வாங்கிச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவீர்கள், இடதுகையால், கோணலாக. மறுபடி சிரித்தோம். மறுபடி வேதச்சண்டை போட்டோம். கிறிஸ்துமஸுக்கு உங்கள் வீட்டில் முறுக்கு சுட்டோம், நீங்கள் இடதுகையால் பிழிந்ததெல்லாம் நத்தைபோலப் போனது. ஆனால் அந்த வலதுகையை ஒருநாளும் என்னிடம் நீட்டியதில்லை. காயம் எப்படியிருக்கிறது என்று ஒருதரம் கேட்டேன், முந்தானை இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது. பிறகு கேட்கவில்லை. அது எனக்குத் தண்டனை என்று எடுத்துக்கொள்ளவும் இல்லை. உங்கள் கையை உங்கள் இஷ்டப்படி வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு, அவ்வளவுதான்.

நீங்கள் வேலையை விட்டு ஊருக்குப் போன காலையில் சின்னக்கானல் முக்கில் பனி விலகவில்லை. போடிக்குப் போகும் பஸ் நின்றது. பெட்டியை என் வீட்டுக்காரர் மேலே ஏற்றினார். உங்கள் இடதுகையில் ஒரு துணிப்பை. “அதைத் தாங்கக்கா, நீங்க ஏறின பிறகு தாரேன்” என்றேன். “இருக்கட்டும், கனமில்ல” என்றீர்கள். கண்டக்டர் அவசரப்படுத்தினார். அந்த பஸ்ஸின் படி உயரம் அதிகம்.

நீங்கள் முந்தானைக்குள்ளிருந்து வலதுகையை எடுத்து என்னிடம் நீட்டினீர்கள்.

மூன்று விரல் என் மணிக்கட்டைப் பிடித்தன. மற்ற இரண்டும் மடங்காமல், நேராக, என் நாடிமேல் அழுந்தியிருந்தன. உங்கள் கனம் முழுவதும் ஒரு நொடி என்மேல் வந்தது. “தள்ளாதட்டி, ஏறிருவேன்” என்றீர்கள். ஏறிவிட்டீர்கள். பஸ் போய்விட்டது.

இடதுகையில் பை இருந்ததால்தான் வலதுகையை நீட்டினீர்களா? அப்படியென்றால் நான் கேட்டபோது பையை ஏன் என்னிடம் கொடுக்கவில்லை? இதை உங்களுக்கு எழுதிக் கேட்டிருக்கலாம். வருஷாவருஷம் வாழ்த்து அட்டை அனுப்பினேன், நீங்களும் உங்கள் கோணல் எழுத்தில் நாலு வரி அனுப்பினீர்கள். மழை, முட்டுவலி, தங்கை மகளின் கல்யாணம். நான் கேட்கவில்லை. கேட்டால் “பை இருந்துச்சு, அதான்” என்று பதில் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. இல்லை, வேறு பதில் வந்தாலும் அதைத் தாங்க எனக்குத் தெம்பு இருந்ததா என்பதும் தெரியாது.

இனிமேல் கேட்க வழியில்லை. காலையில் ஜெபத்துக்குக் கை கூப்பும்போது மட்டும், வலது மணிக்கட்டின் உட்பக்கம், மடங்காத இரண்டு விரல் பட்ட இடம் எனக்குத் தனியாகத் தெரிகிறது. உங்கள் பேரை அங்கே வைத்துத்தான் சொல்கிறேன்.

எஸ்தர்